கண்ணாடி கிழித்ததா, கண்ணாடி உள்ளே இருந்ததா?

2014-இல் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக, அதாவது கோடுகளாக, மாற்றுகிற வேலை. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு சார்ட்டுகள், அதாவது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள்தான் எங்கள் குழுவுக்கு வரும். நான்காவது மாதம், ஒரே வாரத்தில் ஆடிட்டில் எனக்கு மூன்று எர்ரர். மூன்றும் கை காயம், மூன்றிலும் நான் செய்தது ஒரே தப்பு. பாட்டில் உடைந்து கிழித்தது, ஜன்னல் கண்ணாடி கிழித்தது, தகரம் கிழித்தது. மூன்றுக்கும் ‘அந்நியப் பொருள் உள்ள காயம்’ என்று கோடு கொடுத்திருந்தேன்.

ஆடிட்டர் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கத்தி வெட்டிருச்சுன்னா கத்தி உள்ளேயேவா இருக்கும்?”

அந்தக் கேள்வியில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. காயத்தை உண்டாக்கிய பொருள் வேறு, காயத்துக்குள் தங்கிய பொருள் வேறு. முதலாவது எப்படி அடிபட்டது என்ற வெளிக்காரணக் கோடுக்குப் போகும். இரண்டாவதுதான் காயத்தின் கோடையே மாற்றும். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சார்ட் விவரங்களைக் கலந்தும் மாற்றியும் சொல்கிறேன். எந்த நோயாளியும் இதில் இல்லை.

அப்போது ஐசிடி-9 காலம். ஐசிடி என்பது நோய்களுக்கும் காயங்களுக்குமான கோடுத் தொகுப்பு. முன்கையில் திறந்த காயம், சிக்கல் இல்லை என்றால் 881.00, சிக்கல் உண்டு என்றால் 881.10. அந்தச் ‘சிக்கல்’ ஒரு மூட்டை. அந்நியப் பொருள், தொற்று, ஆறுவதில் தாமதம், சிகிச்சைக்கு வந்ததில் தாமதம், எல்லாம் அதே மூட்டைக்குள். வலது கையா இடது கையா என்ற கேள்வியே கிடையாது. கோடர்களுக்குச் சொர்க்கம் என்று இப்போது தோன்றும், ஆனால் அந்தக் கோடைப் பார்த்து காயத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் வந்தது. மூட்டை அவிழ்ந்தது. முன்கைக் காயம் எஸ்51.8 என்று ஆரம்பிக்கும். அடுத்த எழுத்தில் காயத்தின் வகையும் பொருள் உண்டா இல்லையா என்பதும் சேர்ந்தே வரும்: கிழிகாயம், பொருள் இல்லை என்றால் 1, கிழிகாயம், பொருள் உண்டு என்றால் 2, குத்துகாயம், பொருள் இல்லை என்றால் 3, குத்துகாயம், பொருள் உண்டு என்றால் 4, கடி என்றால் 5. ஆறாவது இடத்தில் வலது 1, இடது 2, தெரியாது என்றால் 9. ஏழாவதில் சிகிச்சை எந்தக் கட்டத்தில் என்பதைச் சொல்லும் ஏ, டி, எஸ். ஆக, இடது முன்கையில் கண்ணாடித் துண்டோடு வந்த கிழிகாயம் எஸ்51.822ஏ. துண்டு இல்லாவிட்டால் எஸ்51.812ஏ. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம்.

அந்த ஒரு இலக்கத்தில் நான் 2017-இல் வசமாக மாட்டினேன். மூன்று வருட அனுபவம் வந்து, சார்ட்டை முழுதாகப் படிக்காமலே கோடு போடலாம் என்ற தெம்பும் வந்திருந்த நேரம். இந்த வேலையில் ஆபத்தான பருவம் அதுதான் என்பேன்.

சார்ட் இப்படி இருந்தது. தடுக்கி விழுந்து கண்ணாடிக் கதவில் கை போய்விட்டது. பரிசோதனைப் பகுதியில் “4 செ.மீ. லேசரேஷன், லெஃப்ட் வோலார் ஃபோர்ஆர்ம், நோ ஃபாரின் பாடி” என்று இருந்தது. இடது முன்கையின் உட்பக்கத்தில் கிழிகாயம், அந்நியப் பொருள் இல்லை என்று அர்த்தம். கடைசியில் டயக்னோசிஸ் என்ற இடத்தில் “ஆர்ம் லேசரேஷன்” என்று இரண்டே சொல். நான் டயக்னோசிஸைப் பார்த்தேன், பரிசோதனையில் ‘நோ ஃபாரின் பாடி’யைப் பார்த்தேன், எஸ்41.112ஏ என்று போட்டேன். அதாவது இடது மேல்கை, கிழிகாயம், பொருள் இல்லை. நடுவில் இருந்த புரொசீஜர் நோட்டை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது ‘ஃபாரின் பாடி ரிமூவ்டு’ என்று கண்ணில் பட்டது. உடனே 10120 என்ற அகற்றும் கோடையும் சேர்த்து, தையலுக்கான கோடையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

காப்பீட்டு நிறுவனம் டினை செய்தது, அதாவது பணம் தர மறுத்தது. நியாயம்தானே? பொருள் இல்லாத காயத்திலிருந்து எந்தப் பொருளை எடுத்தீர்கள்?

திரும்பி வந்த சார்ட்டை வரி வரியாகப் படித்தபோது மூன்று தப்பு தெரிந்தது. ஒன்று, இடம். நமக்குத் தமிழில் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கை. ஆங்கிலத்திலும் டாக்டர்கள் அவசரத்தில் அப்படித்தான் ‘ஆர்ம்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் ஐசிடி அகரவரிசையில் ‘ஆர்ம்’ என்று தேடினால் அது மேல்கைக்கு, எஸ்41-க்கு, கொண்டுபோய் விடும். தோளும் மேல்கையும் எஸ்41, முழங்கை மூட்டு எஸ்51.0, முன்கை எஸ்51.8, மணிக்கட்டு எஸ்61.5, உள்ளங்கையும் புறங்கையும் எஸ்61.4. டயக்னோசிஸ் வரியில் ‘ஆர்ம்’ என்று பார்த்தால் பரிசோதனைப் பகுதிக்குத் திரும்பிப் போய், எந்த ஆர்ம் என்று தேட வேண்டும். அந்தச் சார்ட்டில் ‘வோலார் ஃபோர்ஆர்ம்’ என்று பளிச்சென்று எழுதியிருந்தது. என் கண்தான் அங்கே நிற்கவில்லை.

இரண்டாவது தப்பு பொருள் பற்றியது. புரொசீஜர் நோட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, காயத்தை விரித்து ஆராய்ந்து, மூன்று கண்ணாடித் துண்டுகளை ஃபோர்செப்ஸால் எடுத்து, கழுவி, ஒரே அடுக்கில் தைத்ததாக இருந்தது. அப்படியானால் பரிசோதனையில் ‘நோ ஃபாரின் பாடி’ என்று ஏன் வந்தது? டெம்ப்ளேட். காயம் என்று தட்டினால் கணினி தானாகக் கொண்டுவந்து வைக்கும் வாசகம் அது. அதோடு, பரிசோதனை என்பது மேலோட்டமாகப் பார்த்த நேரத்துக் காட்சி. ஆராய்ந்த பிறகு கிடைத்ததுதான் உண்மை. துண்டை எடுத்துவிட்டார்களே, இனி பொருள் இல்லாத காயம்தானே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். நோயாளி எந்த நிலையில் வந்தார் என்பதைத்தான் கோடு சொல்கிறது. எடுத்தாலும் அது பொருள் உள்ள காயம்தான்.

இதற்கு நேர் எதிரான சார்ட்டும் உண்டு. துண்டுகளை எடுத்து, கழுவி, கடைசியில் “நோ ரெசிடுவல் ஃபாரின் பாடி”, அதாவது மிச்சப் பொருள் இல்லை, என்று எழுதியிருப்பார்கள். அதில் ‘ரெசிடுவல்’ என்ற சொல்லைத் தாண்டிப் படித்துவிட்டு பொருள் இல்லை என்று போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

மூன்றாவது தப்பு 10120. இதில் பணமும் இருப்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்தக் கோடின் விளக்கம் ‘கீறி அகற்றுதல்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. தோலுக்கடியில் இருக்கும் பொருளை எடுக்க டாக்டர் கத்தி வைத்துக் கீறியிருக்க வேண்டும், கீறியதாக எழுதியும் இருக்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கிற காயத்திலிருந்து ஃபோர்செப்ஸால் எடுத்துவிட்டுத் தைத்தால், எடுத்த வேலை தையலுக்குள்ளேயே அடக்கம். தையலும் இல்லை, கீறலும் இல்லை, வெறும் ட்வீசரால் முள்ளைப் பிடுங்கினார் என்றால் அது அந்த விசிட்டுக்கான கோடுக்குள் போய்விடும். ஆகவே என் சார்ட்டுக்கு மிஞ்சியது 12002 மட்டும். கை கால்களில் 2.6 முதல் 7.5 செ.மீ. வரையான எளிய தையலுக்கு உரியது அது.

ஆனால் இங்கே கோடர்கள் தவறவிடும் ஒன்று இருக்கிறது. சாலையில் விழுந்து சரளையும் மண்ணும் ஏறிய காயம். ஒரே அடுக்கில்தான் தைத்தார்கள், ஆகவே எளிய தையல் என்று கை பழக்கத்தில் போட்டுவிடுவோம். மிகவும் அசுத்தமான காயத்தை நெடுநேரம் சுத்தம் செய்யவோ துகள்களை அகற்றவோ வேண்டி இருந்தால், ஒரே அடுக்குத் தையலும் இடைநிலைத் தையலாகக் கணக்காகும் என்று சிகிச்சைக் கோடுகளுக்கான சிபிடி விதியே சொல்கிறது. 12002 போக வேண்டிய இடத்தில் 12032 போகும். இதற்கு டாக்டர் எழுத வேண்டும்: எவ்வளவு அசுத்தம், எப்படிச் சுத்தம் செய்தார், என்ன எடுத்தார். “காபியஸ் இரிகேஷன்” (நிறைய நீர் விட்டுக் கழுவியது) என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்து நான் இடைநிலைக்குப் போக மாட்டேன். போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடிட்டில் நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

ஆழமும் முக்கியம். மேல்கை, முழங்கைப் பகுதியில் தோலுக்கடியில் இருந்தால் 24200. தசையுறைக்குக் கீழே அல்லது தசைக்குள் என்றால் 24201. முன்கை, மணிக்கட்டில் ஆழத்தில் இருந்தால் 25248. ஆனால் முன்கையில் தோலுக்கடியில் மட்டும் இருந்தால் அந்த இடத்துக்கென்று தனிக் கோடு இல்லை, பொதுவான 10120-க்கோ 10121-க்கோ போக வேண்டும். எது எளிது, எது சிக்கல் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. டாக்டர் சிக்கலை விவரித்திருக்க வேண்டும். ‘டீப்’ என்று மட்டும் எழுதுகிற டாக்டர்களிடம் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எதைவிட ஆழம்? எந்தப் படலத்தைத் தாண்டியது?

முள், சிராய் போன்றவை தனிக் குடும்பம். மரச் சிராய் மேல்தோலில் ஏறியிருந்தால் அது திறந்த காயம் அல்ல, மேலோட்டமான அந்நியப் பொருள். முன்கைக்கு எஸ்50.85, மேல்கைக்கு எஸ்40.85 வரிசை. குத்துகாயமா மேலோட்டமா என்பது டாக்டரின் விவரிப்பில்தான் இருக்கிறது. அதே இடத்தில் பெரிய காயமும் இருந்தால் மேலோட்டமானதைத் தனியாகப் போடுவதில்லை.

சரி, டாகுமெண்டேஷனில் என்னை அதிகம் படுத்தியது கேள்விக்குறிதான். “பாசிபிள் ரிடெய்ன்டு கிளாஸ்”, “ரூல் அவுட் எஃப்பி”, சில சமயம் வெறும் “?எஃப்பி”. எஃப்பி என்றால் ஃபாரின் பாடி. புறநோயாளி விதிப்படி சாத்தியம், சந்தேகம், இருக்கலாம் என்று எழுதப்பட்டதை உறுதியானதாகக் கோடு செய்யக்கூடாது. அவசரப் பிரிவும் இந்த விதிக்குள்தான் வரும். அதனால் எக்ஸ்ரே அறிக்கை வரும் வரை காத்திருப்பேன். கண்ணாடி பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். மரமும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்டு உதவும். இது தெரிந்துவிட்டதால் ஒரு சபலம் வரும்: மரக்குச்சி குத்தியிருக்கிறது, எக்ஸ்ரே சுத்தம் என்கிறது, ஆனாலும் உள்ளே இருக்கத்தான் இருக்கும் என்று. இருக்கலாம். அது டாக்டரின் யோசனை. கோடர் அந்த யோசனையைக் கோடாக மாற்ற முடியாது.

அப்புறம் திரும்பி வருகிற நோயாளிகள். முதல் தடவை “நோ எஃப்பி சீன்” என்று தைத்து அனுப்பிவிட்டார்கள். எட்டு நாள் கழித்து அதே இடத்தில் வலியோடு வருகிறார். எக்ஸ்ரேயில் துண்டு தெரிகிறது, கீறி எடுக்கிறார்கள். இப்படி ஒரு சார்ட் எங்கள் குழுவில் ஒரு மதியம் முழுக்க வாக்குவாதம் கிளப்பியது. ஒருவர் காயத்தின் கோடுக்குப் பதில் டி81.5 (T81.5) பக்கம் போனார், மருத்துவமனையில்தானே விட்டுவிட்டார்கள் என்று. அந்த வரிசை அறுவை போன்ற சிகிச்சையின்போது தவறுதலாக உள்ளே விடப்பட்ட பொருளுக்கானது, பஞ்சு மாதிரி. கதவுக் கண்ணாடியைக் கொண்டுவந்தது விபத்து, டாக்டர் அல்ல. இன்னொருவர் இரண்டாவது விசிட் என்பதால் ஏழாவது எழுத்து டி (D) என்றார். ஏ என்றால் முதல் விசிட் என்று நினைப்பது எல்லோருக்கும் வரும் மயக்கம். அது முனைப்பான சிகிச்சை நடக்கிறதா என்பதைச் சொல்வது. கட்டு மாற்ற, தையல் பிரிக்க, ஆறுகிறதா என்று பார்க்க வந்தால் டி. துண்டைக் கீறி எடுத்தது முனைப்பான சிகிச்சை. எஸ்51.822ஏ என்று போட்டோம், ஆடிட்டில் நின்றது. முதல் விசிட்டின் கோடைப் போய் திருத்த வேண்டுமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம், அன்று டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அன்றைய பதிவு அன்றைய கோடு.

சில சமயம் நரம்புக்கு அருகில் இருக்கிறது என்று டாக்டரே துண்டை எடுக்காமல் விடுவார். அப்போது காயத்தின் கோடோடு இசட்18.81, அதாவது உள்ளே தங்கிய கண்ணாடித் துண்டு, என்பதையும் சேர்க்க வேண்டும். உலோகம், பிளாஸ்டிக், மரம், கல் எல்லாவற்றுக்கும் அந்த இசட்18-இல் தனித்தனி இடம் இருக்கிறது. பின்னால் அந்த நோயாளிக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் உள்ளே காந்தத்தன்மை உள்ள உலோகம் இருக்கிறதா என்பது உயிர்ப்பிரச்சினை. இசட்18.11 அதற்கென்றே இருக்கிறது. கோடிங் என்பது பில்லுக்கு மட்டும்தான் என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு கோடைத்தான் காட்டுவேன்.

வெளிக்காரணத்தில் ஒரு சின்ன விஷயம். கூர்மையான கண்ணாடி பட்டால் டபிள்யூ25. ஆனால் என் 2017 சார்ட் மாதிரி தடுக்கி விழுந்து கண்ணாடியில் மோதினால் டபிள்யூ01.110. கதையைப் படிக்காமல் ‘கிளாஸ்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் முதலாவதில் போய் நிற்பீர்கள்.

இனி டாக்டரிடம் கேட்பது. ஆரம்பத்தில் எனக்கு க்வெரி அனுப்பவே பயம். அமெரிக்காவில் இருக்கிற டாக்டரை நான் கேள்வி கேட்பதா என்று. பயம் போன பிறகு வேறு தப்பு செய்தேன். “கண்ணாடித் துண்டு எடுத்ததாக இருக்கிறது, டயக்னோசிஸை ‘வித் ஃபாரின் பாடி’ என்று மாற்ற முடியுமா?” என்று எழுதினேன். டீம் லீட் அதை அனுப்பவிடாமல் நிறுத்தினார். “நீயே பதிலையும் எழுதிட்டா அவர் எதுக்கு?” என்றார். மருத்துவப் பதிவுத் துறையின் அமெரிக்கச் சங்கங்களான அஹிமாவும் ஏசிடிஐஎஸ்ஸும் சேர்ந்து வெளியிட்ட க்வெரி வழிகாட்டுதல் இருக்கிறது, 2022-இல் புதுப்பித்தார்கள். பதிலை நோக்கித் தள்ளக்கூடாது, பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது, சார்ட்டில் ஆதாரம் இருக்கிற தெரிவுகளைக் கொடுத்து ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பதற்கும் இடம் விட வேண்டும். இப்போது நான் எழுதுவது இப்படி இருக்கும்: “பரிசோதனைப் பகுதியில் பொருள் இல்லை என்றும் புரொசீஜர் நோட்டில் மூன்று துண்டுகள் எடுத்ததாகவும் உள்ளது. காயத்தின் நிலையைத் தெளிவுபடுத்தவும்.” கீழே தெரிவுகள். அவ்வளவுதான்.

வலது இடதுக்கும் க்வெரி அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது. டாக்டர் பக்கத்தை எழுதாவிட்டால் மற்ற மருத்துவப் பணியாளர்களின் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 2021 அக்டோபர் முதல் வழிகாட்டுதலில் சேர்த்தார்கள். அது பெரிய நிம்மதி. ஆனால் குறிப்புகள் முரண்பட்டால் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை ட்ரையாஜ் நர்ஸ் வலது என்றும் டாக்டர் இடது என்றும் எழுதியிருந்தார்கள். டாக்டர் இடது என்று உறுதிசெய்து, கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார்: நர்ஸ் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மருத்துவமனையின் டாக்டர்களுக்குக் காணொளியில் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். விதிகளை அடுக்கினால் தூங்கிவிடுவார்கள் என்று தெரியும். காயத்தை விவரிக்க நாங்கள் தேடுகிறவற்றை மட்டும் சொன்னேன்: கையின் எந்தப் பகுதி, எந்தப் பக்கம், கிழிந்ததா குத்தியதா, உள்ளே என்ன கிடைத்தது, எத்தனை, எந்த அடுக்கில், கீறினீர்களா இல்லையா, மிச்சம் இருக்கிறதா, தைத்த நீளம் எத்தனை செ.மீ. ஒரு டாக்டர், “இதெல்லாம் நான் எப்படியும் செய்கிறேனே” என்றார். செய்கிறீர்கள் சார், எழுதுவதில்லை என்று சொல்ல வாய் வந்தது. சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அடுத்த மாதம் அவருடைய சார்ட்டில் ‘சப்கியூடேனியஸ்’ (தோலுக்கடியில்) என்ற சொல்லைப் பார்த்தேன்.

நேற்று ஒரு சார்ட் வந்தது. வலது முன்கை, மரத்துண்டு குத்தியது, கீறி எடுத்திருக்கிறார்கள். அந்நியப் பொருள் உள்ள குத்துகாயம், எஸ்51.841ஏ, 10120, எல்லாம் சுத்தமாகப் பொருந்துகிறது. ஆனால் கடைசி வரியில் “எஃப்பி ரிமூவ்டு, ?ரெசிடுவல்”. அந்தக் கேள்விக்குறியை வைத்துக்கொண்டு இசட்18.33 சேர்க்க முடியாது. சேர்க்காமல் விட்டாலும் மனசு ஆறவில்லை. க்வெரி அனுப்பியிருக்கிறேன். இன்று காலை வரை பதில் இல்லை, சார்ட் ஹோல்டில் இருக்கிறது.